மதுரை மனையில் கொரிய வீடு: எதை எடுப்பது, எதை விடுவது

ஒத்தக்கடைப் பக்கம் நாலு சென்ட் மனை வாங்கிய ஒரு டீச்சரும் அவர் வீட்டுக்காரரும் என்னிடம் வந்தார்கள். கூடவே ப்ளஸ் டூ படிக்கும் மகள். கொரிய சீரியல் ஒன்றையும் விடாதவள். போனில் சேர்த்து வைத்திருந்த படங்களை நீட்டி, "அங்கிள், இந்த மாதிரி வீடு கட்ட முடியுமா?" என்று கேட்டாள். எல்லாப் படத்திலும் கறுப்பு ஓடு, நுனி தூக்கிய கூரை. அவளுக்குப் பிறகு இதே ஆசையோடு இன்னும் மூன்று குடும்பம் வந்துவிட்டது. ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் பேசியதை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் மதுரையில் இருபத்தாறு வருடமாக வீடு கட்டிக் கொடுப்பவன். என் மகள் சியோலில் ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கிறாள். அவளைப் பார்க்க ஒரு மார்கழியில் நானும் வீட்டம்மாவும் போய் மூன்று வாரம் தங்கினோம். ஹானொக் என்பதுதான் கொரியர்களின் மரபு வீடு. நாம்சான் மலையடியில் பழைய ஹானொக்குகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து ஒரு கிராமமாக அமைத்திருக்கிறார்கள். அங்கேயும் புக்சொன் என்ற பழைய குடியிருப்பின் சந்துகளிலும் டேப்பும் நோட்டுமாகத் திரிந்தேன். படத்தில் தெரிகிற கூரை வளைவு நமக்கு உதவாது. படத்தில் தெரியாத அளவுகள் உதவும். சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பான இறவாரம் எத்தனை அடி நீட்டியிருக்கிறது, திண்ணை எவ்வளவு உயரம், ஜன்னல் தரையிலிருந்து எங்கே தொடங்குகிறது, கூடத்துக்கும் முற்றத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பவைதான் அந்த வீட்டின் அறிவு. டீச்சர் வீட்டில் அதைத்தான் செய்தோம். குடியேறி ஒரு கோடை தாண்டிவிட்டது, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

முதலில் மூன்றடிக் குச்சி

பிளான் போடுவதற்கு முன்னால் மனையில் மூன்றடிக் குச்சி ஒன்றை நேராக ஊன்றுங்கள். உச்சிவேளையில் நிழலை அளந்து பாருங்கள். மதுரையில் உச்சிவேளை கடிகாரத்தில் 12 மணிக்கு வராது, சராசரியாகக் கால் மணி நேரம் தள்ளித்தான் வரும். இறவாரத்தின் நீளத்தைக் குச்சியின் உயரத்தால் பெருக்கி நிழலின் நீளத்தால் வகுத்தால், வெயில் நேர் எதிரே அடிக்கும் சுவரில் இறவாரத்துக்குக் கீழே எத்தனை அடிக்கு நிழல் விழும் என்று வந்துவிடும். கணக்குப் புத்தகம் வேண்டாம்.

நாம்சான் கிராமத்து முற்றத்தில் என் குடையையே குச்சியாக நட்டேன். மூன்றடிக் குடைக்கு உச்சிவேளையில் ஐந்தேகால் அடி நிழல். அந்த வீட்டு இறவாரம் தூணிலிருந்து ஏறக்குறைய நாலடி. கணக்குப் போட்டால் மேலே இரண்டேகால் அடிக்குத்தான் நிழல், அதற்குக் கீழே எல்லாம் வெயில். உண்மையிலேயே வெயில் அறைக்குள் பாய் விரித்தது மாதிரி கிடந்தது. அதே ஊரில் ஆனி மாத நண்பகலில் சூரியன் 76 டிகிரிக்கு ஏறிவிடும். அப்போது அதே நாலடி இறவாரம் 16 அடி வரை நிழல் தரும், சுவர் முழுக்க மூடிவிடும். குளிரில் வெயிலை உள்ளே கூப்பிட்டு, கோடையில் வாசலோடு நிறுத்திவிடுகிறது ஒரு கூரை நுனி. நான் அங்கே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

நமக்குக் கணக்கு வேறு. சியோல் 37½ டிகிரி வடக்கில் இருக்கிறது, மதுரை 10 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. சித்திரை பிறக்கும் சமயத்திலும் ஆவணி இரண்டாம் வாரத்திலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். உச்சிவேளையில் குச்சிக்கு நிழலே இருக்காது. இடைப்பட்ட நாலரை மாதம் நண்பகல் வெயில் வடக்குச் சுவரில் படும், மற்ற மாதங்களில் தெற்குச் சுவரில். மார்கழியில் மூன்றடிக் குச்சிக்கு இரண்டடி நிழல். ஆகவே மூன்றடி இறவாரம் வைத்தால் தெற்குச் சுவரில் நாலரை அடிக்கு நிழல். இது போதும். வடக்கே அதே மூன்றடி சுவர் முழுவதையும் காத்துவிடும்.

மேற்கில்தான் ஏமாந்துவிடக் கூடாது. சித்திரையில் மாலை 4 மணிக்குக் குச்சியை அளந்தால் நிழல் நாலடியைத் தாண்டும். மூன்றடி இறவாரம் அப்போது ஏறக்குறைய இரண்டடிச் சுவரைத்தான் மறைக்கும், எட்டடிச் சுவரில் மிச்ச ஆறடியும் வேகும். 5 மணிக்கு இன்னும் மோசம். மேற்கே இறவாரத்தை நீட்டிப் பணத்தைக் கொட்டாதீர்கள். அந்தப் பக்கம் மாடிப்படி, குளியலறை, சாமான் அறை என்று வரிசையாக வைத்துவிடுங்கள், வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். திறப்பு தேவைப்பட்டால் வெளியே மூங்கில் தட்டி தொங்கட்டும். கொரியர்களும் கோடையில் மூங்கில் தட்டிதான் தொங்கவிடுவார்கள்.

இறவாரம் நீளும்போது ஆடிக் காற்றை மறக்க வேண்டாம். காற்று கீழிருந்து தூக்கும். ஹானொக் கூரையில் ஓட்டுக்கு அடியில் மரத்துண்டுகளும் மண்ணும் நிரப்பியிருக்கும், அந்தக் கனமே கூரையை அழுத்திப் பிடிக்கும். நாம் போடும் ஓட்டுக் கூரையில் அந்தக் கனம் கிடையாது. ஓட்டைத் தாங்கும் சரிவுக் கட்டையான கைமரம் ஒவ்வொன்றையும் சுவர்த்தலையில் பதித்த போல்ட்டோடு முடுக்க வேண்டும், நுனி இரண்டு வரிசை ஓட்டைக் கம்பியால் கட்ட வேண்டும்.

கூரை வளைவை ஏன் விடச் சொல்கிறேன்

அந்த வளைவு அலங்காரத்துக்காக மட்டும் வந்ததல்ல. மூலையில் இறவாரம் குறுக்காக நீள்வதால் அங்கே கூரை தொய்ந்தது போலத் தெரியும், உள்ளே இருட்டும். அதனால் மூலைக் கைமரத்தைத் தூக்கி வைத்து, பக்கத்துக் கைமரங்களை விசிறி மாதிரி பரப்புவார்கள். ஒவ்வொரு கைமரத்துக்கும் தனித்தனிச் செதுக்கல். இந்த வேலை செய்யும் தலைமைத் தச்சரின் கலையை 2010-ல் யுனெஸ்கோ மரபுக் கலைப் பட்டியலில் சேர்த்தது. அதை நாம் சென்ட்ரிங் பலகை அடித்து கான்கிரீட்டில் வார்த்தால் மரத்தின் காரணம் எதுவும் இல்லாத உருவம் மட்டும் வரும். குழிவில் தண்ணீர் தேங்கி இரண்டாவது மழையில் ஒழுகும். வேறு ஒருவர் அப்படிக் கட்டிய கூரையைச் சரிசெய்ய என்னை இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள்.

இதைக் கொரியர்களே தங்களுக்குள் பேசித் தீர்த்திருக்கிறார்கள். சியோலில் 1395-ல் எழுந்த கியோங்போக்குங் அரண்மனை வளாகத்துக்குள் நாட்டுப்புற அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பழைய கோயில் கட்டடங்களின் உருவத்தை அப்படியே கான்கிரீட்டில் வார்த்து 1972-ல் முடித்தது. பழசைப் போல இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அன்றைய கட்டடக் கலைஞர்கள் பலர் எதிர்த்தார்கள். அங்கிருந்து கிழக்கே சாங்தொக்குங் அரண்மனை வரை நடந்தால், அதன் பக்கத்தில் கட்டடக் கலைஞர் கிம் சூ-குன் தன் அலுவலகத்துக்காக 1970-களில் கட்டிய ஸ்பேஸ் கட்டடம் நிற்கிறது. கருஞ்சாம்பல் செங்கல், மேலே கொடி படர்ந்திருக்கும். வளைந்த கூரை இல்லை, ஓடு இல்லை. உள்ளே போனால் தாழ்ந்த கூரை, ஒருவர் மட்டும் ஏறும் படி, அரைத் தளம் ஏறினால் ஓர் அறை, அங்கிருந்து எட்டிப் பார்த்தால் கீழே இன்னோர் அறை. ஹானொக்கில் முற்றத்திலிருந்து திண்ணை, திண்ணையிலிருந்து கூடம், கூடத்திலிருந்து அறை என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறி நுழைகிற அதே உணர்வு. இப்போது அது அராரியோ அருங்காட்சியகம், சீட்டு வாங்கி உள்ளே போகலாம். கொரியா போகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எனக்குத் தெளிந்தது அன்றைக்குத்தான்.

டீச்சர் மகளிடம் இரண்டு கட்டடத்தின் படத்தையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "ஓடாவது போடுவீங்களா?" என்றாள். போட்டோம். ஹானொக் ஓட்டில் குழிந்தது ஒன்று, கவிழ்த்தது ஒன்று என்று இரண்டு வகை; குழிந்ததைப் பெண் ஓடு என்றும் கவிழ்த்ததை ஆண் ஓடு என்றும் சொல்வார்கள். நம் நாட்டு ஓட்டை மல்லாத்தியும் கவிழ்த்தும் அடுக்குவதும் அதே முறைதான். மானாமதுரைப் பக்கத்திலிருந்து வாங்கி, நேரான சரிவில், பனங்கையின் மேல் அடுக்கினோம். நிறம் கறுப்பல்ல, நம் செம்மண் நிறம்.

நாலு சென்ட்டில் முற்றம் வருமா?

வரும். புக்சொனில் இன்று எல்லாரும் படம் எடுக்கும் ஹானொக் வரிசைகளில் பெரும்பகுதி அரச காலத்து மாளிகைகள் அல்ல. 1930-களில் ஜொங் செ-க்வொன் என்ற கட்டுமானக்காரர் பெரிய மனைகளை வாங்கிச் சின்னச் சின்னதாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நடுவில் முற்றம் வைத்து, கண்ணாடிக் கதவும் சேர்த்துக் கட்டி விற்றவை. என்னைப் போன்ற ஒரு தொழில்காரர் செய்த வேலை அது என்று தெரிந்தபோது எனக்கு அந்தச் சந்துகள் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

அளவுக்கு அவர்கள் கையாளும் அலகு கான், இரண்டு தூணுக்கு நடுவிலான இடம். என் காதுக்கு அது பாலத்துக்குச் சொல்லும் நம் 'கண்' போலவே விழுந்தது. சொந்தம் ஒன்றும் இல்லை, அவர்கள் சொல் சீனத்திலிருந்து வந்தது. ஆனால் யோசனை ஒன்றுதான். ஏழை வீட்டை மூன்று கான் கூரை வீடு என்பார்கள். ஒரு கான் பெரும்பாலும் எட்டடி அல்லது அதற்குக் கொஞ்சம் கூட. அவர்களுடைய பழைய அடியும் 30.3 சென்டிமீட்டர், நம் அடிக்கு மிக அருகில், அதனால் நமக்குச் சுலபம். நாலு சென்ட் என்றால் 1,742 சதுர அடி. எட்டடிக் கட்டம் போட்ட தாளில் முதலில் முற்றத்துக்கு ஒன்றரைக் கட்டம் நீளம், ஒன்றரைக் கட்டம் அகலம் ஒதுக்கிவிடுங்கள். அறைகளை அதைச் சுற்றிப் பிறகு அடுக்குங்கள். அறைகளை முதலில் போட்டுவிட்டு மிஞ்சிய இடத்தை முற்றம் என்று சொன்னால் அது காற்றில்லாத கிணறாகத்தான் முடியும்.

ஹானொக்கின் முன் முற்றம் வெறுமையாக இருக்கும். நடுவில் மரம் வைக்க மாட்டார்கள், வெளிர்ந்த மணல்தான். மரம் செடி எல்லாம் வீட்டுக்குப் பின்னால். முன்னால் மணல் சூடாகிக் காற்று மேலே எழும்ப, பின்னால் நிழலில் இருக்கும் குளிர்ந்த காற்று கூடத்தின் பின் ஜன்னல் வழியாக உள்ளே இழுபடும். அங்கே கூடம் இரண்டு பக்கமும் திறந்த மரத்தரை மண்டபம், தேச்சோங் என்பார்கள்.

இதை நம் ஊரில் அப்படியே செய்யாதீர்கள். வைகாசி வெயிலில் வெறும் மணல் முற்றத்தின் வெப்பமும் கண்கூச்சமும் நேரே கூடத்துக்குள் அடிக்கும். நடுவில் ஐந்தடித் தாழ்வாரம் வேண்டும். முற்றத்தில் பாதிக்கு மேலூர்க் கல், மீதி மண். பின்னால் நாலடிக்குக் குறையாத இடம் விட்டு, அங்கே ஒரு புங்கை. கூடத்தின் முன் திறப்பும் பின் திறப்பும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், நடுவில் டிவி வைக்கக்கூடச் சுவர் எழுப்பக் கூடாது. இதில் டீச்சர் வீட்டுக்காரரோடு எனக்குப் பெரிய வாக்குவாதமே நடந்தது. சுவர் எழும்பியதும் மாலையில் ஊதுபத்தி ஏற்றி முன்வாசலில் வைத்துப் பார்த்தோம், புகை எந்தப் பக்கம் போகிறது என்று. அதன் பிறகு அவரே டிவியைப் பக்கச் சுவருக்கு மாற்றச் சொல்லிவிட்டார்.

கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவில் கொரியர்கள் வைக்கும் கதவு எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டிரண்டாக மடித்து, அப்படியே மேலே தூக்கி, உத்திரத்திலிருந்து தொங்கும் இரும்புக் கொக்கியில் மாட்டிவிடுவார்கள். சுவரே காணாமல் போய்விடும். சட்டத்தில் கட்டம் போட்ட மெல்லிய மரச்சட்டங்கள், உட்பக்கம் காகிதம் ஒட்டியிருக்கும். நம் பூச்சிக்கும் ஈரத்துக்கும் காகிதம் நிற்காது. நாங்கள் வெள்ளைக் காடாத் துணியை இழுத்துக் கட்டினோம், கழற்றித் துவைக்கலாம். ஒரு கதவு பன்னிரண்டு கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொக்கியை உத்திரத்தில் ஆணியடித்து மாட்ட வேண்டாம், துளைத்துப் போல்ட் போட்டு மறுபக்கம் வாஷரோடு முடுக்குங்கள். தூக்கும்போது இரண்டு பேர் நில்லுங்கள்.

தரை

சீரியல் பார்த்தவர்கள் அடுத்துக் கேட்பது சூடான தரை. ஒந்தோல் என்பார்கள். அடுப்பில் எரியும் தீயின் புகை, அறைத் தரைக்கு அடியில் கல் பாவிய கால்வாய்கள் வழியாகப் போய் மறுகோடியில் புகைபோக்கியில் ஏறும். போகிற வழியில் கல் சூடேறி இரவு முழுக்கக் கதகதப்பாக இருக்கும். இன்றைக்கு அடுக்குமாடிகளிலும் அதே தத்துவம், புகைக்குப் பதில் குழாயில் வெந்நீர். மகளின் சின்ன அறையில் என் வீட்டம்மா அந்தத் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டாள். மூட்டுவலி மூன்று வாரமும் இல்லை என்றாள். ஆனால் மதுரையில் இதற்கு வேலை இல்லை. சிலர் அதே குழாயில் குளிர்ந்த தண்ணீர் விடலாமா என்கிறார்கள். நம் மொட்டைமாடித் தொட்டியில் சித்திரையில் தண்ணீர் என்ன சூட்டில் வரும் என்று கையை நீட்டிப் பாருங்கள். தரைக்கு ஆத்தங்குடிக் கல் அல்லது சிவப்புக் காவி போதும். ஒந்தோலிலிருந்து எடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று: கோடையில் அவர்கள் சமையல் தீயை வீட்டுக்கு வெளியே வேறு அடுப்புக்கு மாற்றிவிடுவார்கள். சமையலறையைக் கூடத்தின் காற்று வழியிலிருந்து விலக்கி வையுங்கள்.

குளிர்ச்சிக்கு அவர்கள் வைத்திருப்பது மரத்தரை, மாரு. தரையிலிருந்து தூக்கி, அடியில் காற்று ஓட விட்டிருப்பார்கள். அதன் குறுகிய வடிவம் அறைக்கு வெளியே ஓடும் திண்ணை. நாங்கள் வாசல் திண்ணையை மூன்றடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில், செங்கல் கால்களின் மேல் கடப்பைக் கல் போட்டு, அடிப்பக்கம் திறந்தே விட்டோம். நிரப்பிக் கட்டிய திண்ணை ராத்திரி ஒன்பது மணிக்கும் சுடும், இது ஏழு மணிக்கே ஆறிவிடுகிறது.

மரத்துக்கு ஆசைப்பட்ட மகளுக்காகக் கூடத்தில் எட்டுக்கு ஆறடியில் மட்டும் மாரு செய்தோம். சட்டங்களில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்து, குட்டைப் பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருக வேண்டும். ஆணி கிடையாது. மரம் காய்ந்து இடைவெளி விட்டால் பலகைகளை நெருக்கித் தள்ளிவிட்டுக் கடைசியில் ஒரு புதுத் துண்டைச் செருகுவார்கள். படம் காட்டியதும் ஆசாரி, "நாக்கும் காடியும்தானே சார், இது நம்ம வேலைதான்" என்றார். வேம்பில் செய்தார். குடியேறிய ஆறாவது மாதம் அரை அங்குலம் விட்டது. வந்து நெருக்கி ஒரு துண்டு போட்டுவிட்டுப் போனார். கால்களை மட்டும் தரையில் ஊன்றாமல் கல் மேல் நிறுத்துங்கள், கரையானுக்காக. ஹானொக் தூணும் கல் மேல்தான் நிற்கிறது. கல்லின் மேடுபள்ளத்துக்கு ஏற்றபடி தூணின் அடியைச் செதுக்கிப் பொருத்திவிடுவார்கள்.

ஜன்னல்

ஹானொக் தரையில் உட்கார்கிறவர்களின் வீடு. ஜன்னலுக்குக் கீழே மொரும் என்று ஒரு தாழ்ந்த பலகைத் தடுப்பு, ஒன்று முதல் ஒன்றரை அடி உயரம். உட்கார்ந்தபடி கையை மடித்து அதன் மேல் வைத்துக்கொள்ளலாம், வெளியே பார்க்கலாம். நாம் வழக்கமாக மூன்றடிக்கு மேல் ஜன்னலைத் தொடங்குகிறோம். பாய் போட்டு உட்கார்ந்தவருக்கு அதில் வானம் மட்டும்தான் தெரியும். காற்றும் தலைக்கு மேலே போய்விடும்.

கம்பிக்கு உருட்டுக் கம்பி வேண்டாம். பட்டைக் கம்பியை அதன் மெல்லிய விளிம்பு உங்களைப் பார்க்கும்படி நிறுத்தி வைத்தால் பலம் குறையாது, கண்ணை மறைக்காது. தரைத்தளத்தில் மட்டும் ஜன்னலை இவ்வளவு தாழ்த்துங்கள், மாடியில் பிள்ளைகள் ஏறிவிடும்.

தொலைவில் இருக்கும் மலையை ஜன்னல் சட்டத்துக்குள் பிடித்து வீட்டுக்குச் சொந்தமாக்கிக்கொள்வது கொரியர்கள் காலம் காலமாகச் செய்வது. டீச்சர் மனையிலிருந்து யானைமலை முழுசாகத் தெரியும். அதற்கு நேராக ஒரு ஜன்னல் என்று முடிவானதும் உயரத்தைத் தாளில் போடவில்லை. சுவர் இரண்டடி எழும்பியிருந்த நாளில் டீச்சரின் மாமியாரை வரச் சொன்னோம். எண்பது வயது, அந்த வீட்டில் பகல் முழுக்க இருக்கப்போகிறவர் அவர்தான். சாக்கு விரித்து உட்கார வைத்து, "அப்பத்தா, மலை தெரியுதா?" என்று கேட்டேன். "தும்பிக்கை தெரியுது, காலு தெரியலையே" என்றார். இரண்டு வரி செங்கல்லைக் கொத்தனார் எடுத்தார். மறுபடி கேட்டேன். இன்னும் ஒரு வரி. அப்பத்தா கையை மடித்துச் சுவர் மேல் வைத்துக்கொண்டு பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். டேப்பை வைத்தேன், பதினாலு அங்குலம். அங்கே கோடு போட்டுக்கொண்டோம்.